கோட்டைக்காரரின் கண்ணாடி மண்டபம்

ஊரில் அவருக்குக் கோட்டைக்காரர் என்று பேர். ராஜ பரம்பரை என்று நினைத்துவிடாதீர்கள், வேன் டிரைவர்தான். மலைமேல் இருக்கும் பழைய கோட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கி, அவர்கள் சுற்றிப் பார்த்து வந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் பிழைப்பு. அந்தக் கோட்டையைப் பற்றி வாயைத் திறந்தாரென்றால் சோறு ஆறிப்போகும்.

ஆனால் மனிதர் ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே, வண்டியை விட்டு நகரக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும், "உள்ள எப்படி இருந்துச்சு?" என்று மனைவி ஆசையாகக் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து, பார்க்கவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? வண்டியில் வந்தவர்கள் பேசியதையெல்லாம் தானே பார்த்ததாக அளந்துவிட்டார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. பீரங்கி, சுரங்கம், உச்சியில் ராணியின் கண்ணாடி மண்டபம். அந்த மண்டபம் என்றால் அவளுக்கு உயிர். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பாள். அவர் பேச்சை வாய் பிளந்து கேட்க உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

ஒரு நாள் வண்டியில் ஒரு சீட் காலி. "நானும் வரேங்க" என்று அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போய்ட்டு வா, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்று வாசலிலேயே நின்றுகொண்டார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். இனி நம் பேச்சை இவள் நம்புவாளா என்பதுதான் ஒரே கவலை.

எல்லாருக்கும் முன்னால் அவள் திரும்பி வந்தாள்.

"மண்டபத்த எங்கயும் காணோம். காவல்காரர்கிட்ட கேட்டேன். அது பக்கத்து ஊர் அரண்மனையில இருக்காம்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எப்போதோ ஒரு நாள் அரண்மனை பார்த்துவிட்டு வந்த யாரோ, வண்டியில் அந்தப் பேச்சையே பேசியிருக்கிறார்கள். இவர் அதைத் தூக்கிக் கோட்டை உச்சியில் வைத்துவிட்டார்.

"நான் உள்ள போனதே இல்ல" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இத்தன வருஷமும் வெளியவேவா உக்காந்திருந்தீங்க?"

கோபப்படுவாள் என்று பார்த்தால், அவள் குரல் கம்மிப்போயிருந்தது. அவர் கையிலிருந்த சாவியை வாங்கி வண்டியைப் பூட்டினாள்.

"முதலாளி..."

"அவர நான் பாத்துக்கறேன். வாங்க."

உச்சிக்குப் போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக நின்று ஆற்றையும் வயலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் எதிர்ப்பக்கத்து மதிலில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"அங்க என்ன இருக்கு?"

"நம்ம வண்டி." மரத்தடியில் அது தீப்பெட்டி மாதிரி நின்றது. "அங்கதான் உக்காந்திருந்தேன்."

அவளும் எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்தாள்.

"பாத்தாச்சுல்ல? இப்ப இந்தப் பக்கம் திரும்புங்க."