காருக்குப் போட்ட ஜீப் ஆக்சில்

போன வாரம் காணிப்பாக்கம் போகிற வழியில் ஒரு டிராக்டர் ஓரங்கட்டி நின்றிருந்தது. பின்பக்கத்தைப் பிரித்துப் போட்டு, பழைய கியர் ஆயிலை ஒரு தட்டில் வடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போன முட்டையும் வெடிமருந்தும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் அதற்கு உண்டு. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் வண்டியை மெதுவாக்கி நன்றாக இழுத்து மோந்தேன். இருபத்தாறு வயதில் இந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். அவள் முறைத்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது ரேணிகுண்டாவில் நானும் முனிரத்தினமும் கூட்டாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தோம். முனிரத்தினம் அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து நான் பேசுவேன். நகரியில் விசைத்தறி வைத்திருந்த தேவராஜுலு ஒரு பழைய காரைக் கொண்டுவந்து, மலைப்பாதையில் பறக்கிற மாதிரி ஆக்கித் தரச் சொன்னார். நாளெல்லாம் தறிச் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு வேகம்தான் ஓய்வு. இரண்டு மடங்கு பலமுள்ள இன்ஜினை ஏற்றினோம். அந்தப் பலத்தை, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற ஆக்சில் தாங்கவில்லை. இரண்டு தடவை முறிந்தது. இரண்டாம் தடவை புத்தூர் கடைவீதி நடுவில், ஊரே பார்க்க.

"லாரி ஆக்சிலே போட்டாலும் சரி, இனிமே ஒடையக் கூடாது" என்றார் தேவராஜுலு.

சித்தூரில் ஒரு காயலான் கடையில் ஜீப் ஆக்சில் ஒன்று கிடைத்தது. காருக்கு அது நாலு விரல் அகலம் அதிகம். இரண்டு பக்கமும் அறுத்துப் பற்றவைத்து, அதற்கேற்ப மற்றதையெல்லாம் நகர்த்தினோம். என் வெல்டிங் மீது எனக்குப் பெரிய கர்வம். அந்தக் கர்வத்தில் ஸ்பிரிங் பட்டை உட்காரும் தகட்டைத் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டு, அரைநாள் நானே அதை அறுத்தெடுத்தேன். முனிரத்தினம் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான். ஆக்சிலின் அடியில் முக்கோணமாக ஒரு தகடு ஏற்கெனவே ஒட்டுப்போட்டிருந்தது. யாரோ பொறுமையாகச் செய்த வேலை. அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

மாட்டி ஓட்டினால், நாற்பதைத் தாண்டியதும் ஒரு ஊளை. ஆக்சிலுக்குள்ளே பல்சக்கரம் உரசுகிற சத்தம்தான். ஆனால் யாரோ வாயை மூடிக்கொண்டு ராகம் இழுப்பதுபோல இருக்கும். முனிரத்தினம் "பிரிச்சிப் பாத்துடலாம்" என்றான். "ஓட ஓட சரியாப் பூடும்" என்றேன் நான். சோம்பேறித்தனம்.

அடுத்த நாள் மத்தியானம் தேவராஜுலு ஓட்ட, நான் பக்கத்தில். பாலசமுத்திரம் ரோட்டில் நல்ல வேகம். ஒரு மாந்தோப்பைத் தாண்டுகையில், ஓரத்து வீட்டிலிருந்து ஒரு பெண் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்து ரோட்டின் நடுவில் நின்றாள். பிரேக் அடித்து நிறுத்தினோம். அவள் எங்களைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். பிறகு காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஜீப்பு எங்க?"

"எந்த ஜீப்பும்மா?"

"இப்ப வந்துச்சே. எங்க ஊட்டுக்காரரு ஜீப்பு. ரெண்டு ஊரு தாண்டி வந்தாலே எனக்குக் கேக்கும். கேட்டதும் சோறு போட்டு வெப்பேன்."

அவள் பெயர் குப்பம்மா. புருஷன் சித்தூருக்கு மாங்காய் லோடு அடித்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் போனவர் திரும்பவேயில்லை. ஆக்சில் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அடியில கல்லு பட்டு ஓட்ட வுழுந்துச்சி. எங்க கேட்டத்தான் வெட்டி ஒட்டுனாரு" என்று கையை நீட்டினாள். வீட்டு இரும்புக் கேட்டின் கீழ்மூலையில் முக்கோணமாக ஒரு ஓட்டை. நான் கறுப்புப் பெயின்ட் அடித்த தகட்டின் அதே அளவு.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு சித்தூருக்குப் போனோம். காயலான் கடைக்காரருக்கு நினைவிருந்தது. "அவுனும்மா, ஆமா, ஜீப்ப அவனே வந்துதான் வித்தான். முழுசா வெட்டி முடிக்கற வரைக்கும் இங்கயே ஒக்காந்து பாத்துக்கினு இருந்தான். அப்புறம் ஸ்டேஷன் பக்கமா நடந்து போனான்."

குப்பம்மா அழவில்லை. "ஒடம்பு நல்லா இருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும்போது பின்சீட்டில், அந்த ஆக்சிலுக்கு நேர்மேலே, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் ஊளைதான் பேசியது. வீட்டில் இறங்கியதும், "இந்தச் சத்தத்த எடுத்துடு நைனா" என்றாள்.

அன்று மாலையே பிரித்தேன். தேய்ந்த பேரிங்கை மாற்றி, பல்லுக்குப் பல் இடைவெளி சரிபார்த்து மாட்டினேன். சத்தம் அறவே போய்விட்டது. முனிரத்தினமே "சரியா கீது" என்றான்.

அதை அவளுக்குக் காட்டத்தான் அடுத்த வாரம் அந்த ரோட்டில் போனோம். கார் எண்ணெயில் மிதப்பதுபோலப் போனது. மாந்தோப்பு வந்தது. ரோட்டின் நடுவில், சொம்போடு, குப்பம்மா நின்றிருந்தாள்.

"எப்பிடிம்மா தெரிஞ்சிது? சத்தந்தான் இல்லியே" என்றேன்.

"நீங்க வுட்டுட்டுப் போனதுலேர்ந்து கேட்டுக்கினேதான் இருந்துச்சி. ராவும் பகலும். இப்பதான் நின்னுச்சி. அதான் வந்தேன்."

சொம்பை நீட்டினாள். தேவராஜுலு வாங்கிக் குடித்தார். நான் குடிக்காமல் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தக் காரை அவர் அதோடு விட்டுவிட்டார்; யாருக்கோ கொடுத்தார், யாருக்கென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முனிரத்தினம் பெங்களூர் போய்விட்டான். எங்கள் ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ். பாலசமுத்திரம் ரோட்டை அகலப்படுத்தினார்கள். வீடும் இல்லை, கேட்டும் இல்லை, தோப்பில் பாதி இல்லை.

பிற்பாடு ஒரு தடவை அந்தப் பக்கம் போனபோது, குப்பம்மாவைப் பற்றி ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"ஊட்ட இடிக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டா. ஒருநாள் மத்தியானம் ரோட்டுல நின்னுக்கினு இருந்தா. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். ஏதோ வண்டில ஏறிக்கினா போல."

"என்ன வண்டி?"

"நான் இதோ இங்கதான் இருந்தேன்" என்றார் அவர். "எனக்கு எந்த வண்டியும் கேக்கல."