ஹென்றி அத்தானின் இடது கண்

என் அக்கா வெரோனிக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பினாங்கு துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே பசியாறப் போகும் நேரத்தில், அக்கா தன் கணவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு லென்ஸ் பெட்டியைத் திறப்பார். பதினோரு வருடமாக இதே கூத்துதான்.

ஒரே நாற்காலி, ஒரே வெளிச்சம், பின்னால் கிறிஸ்துமஸுக்குக் கட்டி அவிழ்க்காமலே விட்ட குட்டி பல்புகள். லென்ஸ் மட்டும் மாறும். எந்த லென்ஸானாலும் அதன் துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்துத்தான் எடுப்பார். எது எப்படிக் காட்டுகிறது என்று ஒப்பிடுகிறாராம். நானும் பல வருடம் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். ஒருநாள் மூன்று படங்களை வரிசையாக வைத்துக் காட்டினார். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

1.4 என்று எண் போட்ட லென்ஸில் அந்த பல்புகள் சட்டைப் பொத்தான்களைப் போல அடக்கமாக இருந்தன. 1.2 லென்ஸில் அவை பெருத்து, ஓரத்தில் இருந்தவை எலுமிச்சை வடிவில் நீண்டிருந்தன. அத்தானின் நரைமுடியைச் சுற்றி மெல்லிய ஒளி. எண் சிறியதாக ஆக ஆகத் துவாரம் பெரிதாகும், தெளிவாக விழும் இடம் மெலிந்துகொண்டே போகும் என்றார் அக்கா. மூன்றாவது 0.95. அதில் சுண்டுவிரல் அகலம்தான் தெளிவு. அத்தானின் இடது கண்ணும் அதன் இமைமுடியும் மட்டும் விரலால் தொடலாம் போல இருந்தன. மூக்கு கரையத் தொடங்கியிருந்தது, காது இல்லவே இல்லை, பல்புகள் நிலா நிலாவாக மிதந்தன. நான் தினமும் பார்க்கிற முகம்தான். ஆனாலும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

போன மாதம் அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது. நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தும் கமாலுதீனுக்கும் இதே பைத்தியம். வேறொரு கம்பெனியின் 0.95 லென்ஸைப் புதிதாக வாங்கியிருந்தார். அக்காவின் லென்ஸையும் அதையும் ஒரே முகத்தில் ஒப்பிட்டு, தன் கடை மாடியில் நடக்கும் கண்காட்சியில் பெரிதாக மாட்டலாம் என்றார். அக்காவின் பெயர் ஒரு சுவரில் ஏறுவது அதுவே முதல்முறை. தூக்கமே வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

கமாலுதீனின் லென்ஸ் கைக்கு வந்த வாரம் அத்தானுக்கு நிமோனியா. மருத்துவமனையில் சேர்த்தோம். முன்பு நிறையப் புகைத்த நுரையீரல். பத்து நாள் படுத்திருந்தார். அதற்குள் லென்ஸின் குணத்தையாவது பார்த்துவிடலாம் என்று அக்கா என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அசையாத லா, தம்பி."

சிலை மாதிரிதான் இருந்தேன். நாற்பது படம் எடுத்தார். முப்பத்தேழில் என் கண் கலங்கல். லென்ஸில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு கமாலுதீன் கடைக்குப் போனார். கமாலுதீன் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த சாஸ் பாட்டிலை ஒரு படம் எடுத்துக் காட்டினார். லேபிளில் இருந்த பொடி எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது.

"லென்ஸ் நல்லாத்தான் இருக்குக்கா. ஆளுதான் ஆடுது."

"நான் ஆடவே இல்ல தம்பி" என்றேன்.

"மூச்சு விட்டீங்கதானே, அண்ணே?"

"விடாம சாகவா சொல்றீங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

வீட்டில் மடிக்கணினியைத் திறந்தார். பதினோரு வருட ஞாயிறுகள் வரிசை வரிசையாக வந்தன. எந்த லென்ஸானாலும் இடது கண் தெளிவு. தன் கைதான் நிதானம் என்று அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது கண்ணை விட்டுவிட்டு வாயைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு படத்திலும் உதடுகள் இறுக மூடியிருந்தன, 1.4 படங்களில் கழுத்து நரம்பு விறைத்திருப்பதும் தெரிந்தது. இந்த லென்ஸ்களில் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். அக்காவுக்குச் சில சமயம் அரை நிமிடம் ஆகும். பிரசங்கம் கொஞ்சம் நீண்டாலே வெளியே நழுவிவிடுகிற மனிதர் அத்தான். அவர் இத்தனை ஞாயிறும் சத்தம் காட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு மனிதனைப் பார்த்து நான் அவ்வளவு மலைத்ததில்லை.

வியாழக்கிழமை அத்தான் வீடு திரும்பினார். சனிக்கிழமை கண்காட்சி. வெள்ளிக்கிழமை காலை யாரும் சொல்லாமலே முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குத்தானே, வெரோ. எடு."

அக்கா கேமராவைத் தூக்காமல் கேட்டார். "நீங்க ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"அசைஞ்சா படம் போச்சுன்னு முதல் நாளே நீதானே சொன்ன. மூச்சு விட்டா தலையும் கூடவே வருதே."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சிருவ."

அக்கா கேமராவைக் கண்ணில் வைத்ததும் அத்தான் பழக்கப்படி மூச்சை இழுத்து உதட்டை மூடினார். உள்ளே விசில் போல ஒரு சத்தம். முகம் சிவந்துகொண்டே வந்தது. அக்கா கேமராவை இறக்கினார்.

"மூச்சு விடுங்க, ஹென்றி."

"அப்ப படம்?"

"விடுங்க."

விட்டார், இருமினார், நன்றாக இழுத்து இன்னொரு முறை விட்டார். அப்போது ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு அக்கா லென்ஸுக்கு மூடி போட்டார்.

சனிக்கிழமை கடை மாடியில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அக்காவின் லென்ஸில் எடுத்த பழைய படத்தில் இமைமுடியை எண்ணலாம். மற்றதில் முகம் முழுவதும் புகைமூட்டமாக இருந்தது. கமாலுதீன் அதன் முன் வெகுநேரம் நின்றார்.

"அக்கா, என் லென்ஸ்ல எடுத்ததுல ஃபோகஸ் போச்சே."

"தெரியும் தம்பி" என்றார் அக்கா. "அவர் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாரு."