ஜெனரலிடம் ஒரு கேள்வி

சாரதாவுக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. தையல் மெஷினில் உட்காருவாள், நாலு தையல் ஓட்டுவாள், எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பாள். அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவின் அந்தப் புதுக் குடியிருப்பில் பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றைப்போலவே இன்னொன்றாக வீடுகள், மூடிய கராஜ் கதவுகள், ஆள் நடமாட்டமே இல்லாத நடைபாதை. இருந்தாலும் பார்ப்பாள். அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பதும் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் அவள்தான். ஒரு கல்யாணப் பட்டு ரவிக்கைக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு பிரித்தாள். இப்படி ஒரு தப்பு அவள் கையில் வந்ததே கிடையாது.

எல்லாம் ஒரு ஜெனரலால் வந்தது.

அவள் கணவர் சேனாபதி சங்ககிரியில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். நல்ல சம்பளம் என்று ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போனார். அந்த நாட்டின் பெயரைச் சாரதா இன்றைக்கும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ‘அங்கே’ என்பாள், அவ்வளவுதான். அங்கே பட்டாளத்தை வைத்து ஆட்சியைப் பிடித்திருந்த ஜெனரல், ஆலையில் வேலைநிறுத்தம் வந்ததும் லாரி லாரியாக ஆட்களை அள்ளிக்கொண்டு போனான். சேனாபதியும் ஒரு லாரியில் ஏற்றப்பட்டார் என்பதுதான் கடைசித் தகவல். மகள் தென்றல் அப்போது இரண்டாம் வகுப்பு. அதன்பின் சாரதா எழுதாத அலுவலகம் இல்லை, ஏறாத படி இல்லை. அப்படி ஒருவரைப் பற்றி எங்களிடம் விவரம் இல்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி பதில் எழுதினார்கள்.

ரவிக்கை தைத்தே தென்றலைப் படிக்க வைத்தாள். தென்றல் அமெரிக்கா வந்து, வேலையில் அமர்ந்து, குடியுரிமை வாங்கி, அம்மாவையும் அழைத்துக்கொண்டாள். இங்கே இருவருக்கும் கடைசிப் பெயர் சேனாபதிதான். கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத சாரதாவை, மருந்துக் கடையில் ஊருக்கே கேட்கும்படி ‘மிஸஸ் சேனாபதி’ என்று கூப்பிடுவார்கள். முதல் தடவை அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றியில் குங்குமம் இருக்கிறது. ஆனால் நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போனால், தட்டை நீட்டும் பெண்ணின் கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் வருவதற்கு முன்பே சாரதா எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவாள். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்கும் நேரத்தில் அவளுக்கு எப்போதும் பாத்ரூம் போகவேண்டியிருக்கும். ஹனுமான் கோயிலில் அர்ச்சனைச் சீட்டை நீட்டும்போதும் அதே குழப்பம்தான். அவருடைய ஆயுளுக்கு வேண்டுவதா, ஆன்மாவுக்கு வேண்டுவதா? இருக்கிற மனுஷனுக்குத் திதி கொடுத்தால் பாவம், போன மனுஷனுக்குக் கொடுக்காவிட்டாலும் பாவம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் எவ்வளவு காலம்தான் நிற்பாள்?

ஜெனரலின் ஆட்சி கவிழ்ந்தது. அவனைப் பிடித்துக் கூண்டில் நிறுத்தினார்கள். தூக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கும் தெரிந்திருந்தது. அதனால் கடைசியில் ஒரு பேரம் பேசினான். உயிரை விட்டுவைத்தால், காணாமல் போனவர்கள் என்ன ஆனார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று சொல்கிறானாம். தீர்ப்புக்கு முன்னால் நீதிபதி ஒன்று செய்தார். காணாமல் போனவர்களின் வீட்டார் உலகத்தில் எங்கே இருந்தாலும் வீடியோவில் வந்து, ஒரு கேள்வி அவனைக் கேட்கலாம். பிறகு அவனை விட்டுவைக்கலாமா வேண்டாமா என்று தங்கள் கருத்தைச் சொல்லலாம்.

தென்றல் கொதித்துப் போனாள்.

“இது ப்ளாக்மெயில்மா. அவன் நெகோஷியேட் பண்றான், இவங்க லிஸன் பண்றாங்க. அப்பாவை என்ன பண்ணினானோ, அதுக்கு அவன் ஹேங் ஆகணும். தட்ஸ் ஜஸ்டிஸ்.”

“அவன் செத்துட்டா அப்பன் எங்கேன்னு யாரு கண்ணு சொல்லுவா?”

“சொல்லமாட்டான்மா. பொய் சொல்லுவான்.”

“பொய்யாவே இருக்கட்டும். ஒரு எடத்தைக் காட்டட்டும். இங்கதான்னு நெனச்சு நான் அழுதுக்கறேன்.”

தென்றல் லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போனாள்.

சாரதாவுடன் இதைப் பேச ஊரில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவள் மரியாமா. அந்த நாட்டுக்காரி, பக்கத்து ஊரான பிளேனோவில் முடி பின்னும் கடை வைத்திருப்பவள். ஒரு நாள் பூப்போட்ட கவுன் ஒன்றைச் சிறிதாக்க வந்து, எந்த ஊர் என்று பேச்சு வந்தபோது இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மரியாமாவின் கணவர் இப்ராஹிமா அதே ஆலையில் லாரி ஓட்டியவர். சிறையிலிருந்து உயிரோடு வந்தார், ஆனால் வாங்கிய அடியில் நாலு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆலையில் இந்தியர்கள் எத்தனையோ பேர், ஆனால் சேனாபதி என்ற பெயரை இப்ராஹிமா சொல்லிக் கேட்டதில்லை என்று மரியாமா அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதற்குமேல் சிறையைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஜெனரல் சாகும்வரை அந்தக் கதைகளை வாயில் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள்.

இருவர் பேசுவதும் உடைந்த ஆங்கிலம்; தமிழில் சொன்னால் இப்படி வரும்.

“அவன் மூச்சு விடுறவரைக்கும் எனக்கு மூச்சு வராது சாரதா. உனக்குப் பதில் வேணும், எனக்குக் கயிறு வேணும். உன்மேல எனக்குக் கோபம் இல்லை.”

“எனக்கும் உன்மேல இல்லை. ஆனா செத்தவன்கிட்ட எதைக் கேக்கறது?”

“என் புருஷனும் செத்தவர்தான். அவருக்கு யார் பதில் சொல்றது?”

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், கேட்கிறவன்மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, இரண்டையும் சேர்த்து ஒரு தீர்ப்பில் எழுத வழியில்லாமல் இருந்தது.

விசாரணை நாள் வந்தது. காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள் சாரதா. பக்கத்தில் தென்றல், மொழிபெயர்க்க.

திரையில் ஜெனரல் தெரிந்தான். மீசையும் தொப்பியும் மெடலுமாக ஒருவனை அவள் இத்தனை காலம் மனத்தில் வைத்துச் சபித்திருந்தாள். இருந்தவனோ சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு கிழவன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

இவர்கள் முறைக்கு முன்னால் திரையில் வந்த ஒரு முதியவர், தன் மகன் எங்கே என்று கேட்டார். ஜெனரல் யோசித்தான். பிறகு, “பழைய விமான நிலையத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம்” என்றான். முதியவர் மேஜையில் தலையைச் சாய்த்துக் குலுங்கினார். அவரைப் பார்த்துச் சாரதாவுக்குப் பொறாமை வந்தது. பரிதாபம் பிறகுதான் வந்தது.

நீதிபதி இவர்களைக் கூப்பிட்டார். சாரதா கையெடுத்துக் கும்பிட்டாள், யாரைக் கும்பிடுகிறோம் என்றுகூடப் பார்க்காமல்.

“என்ற வூட்டுக்காரரு எங்கீங்க? உசுரோட இருக்காரா? இல்லீன்னா எங்க போட்டீங்க? அதை மட்டும் சொல்லிப்போடுங்க. உங்களை உசுரோட விடச் சொல்லி நானே கேக்கறேனுங்க.”

தென்றல் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். பெயர் என்ன என்று ஜெனரல் கேட்டான். சாரதா வழக்கம்போல மகள் முகத்தைப் பார்த்தாள்.

“சேனாபதி. மிஸ்டர் சேனாபதி. இந்தியன். சிமெண்ட் ஃபேக்டரி” என்றாள் தென்றல்.

ஜெனரல் கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான். தன் வக்கீலிடம் குனிந்து ஏதோ கேட்டான். பிறகு நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னான். “அப்படி ஒருவர் என் நாட்டில் இருந்ததே இல்லை, மேடம்.”

தென்றல் இதைத் தமிழில் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இத்தனை வருஷமாக எல்லா அலுவலகமும் சொன்ன பதில், இப்போது அவன் வாயிலிருந்தே வருகிறது. சாரதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிய மனுஷன். மாசம் தவறாமல் கடிதம் போட்ட மனுஷன். இருந்ததே இல்லையாமே!

இவனை விட்டுவைப்பது பற்றி உங்கள் கருத்து என்ன என்று நீதிபதி கேட்டார். சாரதா எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பு விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“தூக்குல போடுங்க.”

தென்றல் அதை அப்படியே மொழிபெயர்த்தாள்.

அவள் சொன்ன ஒரு சொல்லால்தான் தீர்ப்பு அப்படி வந்தது என்று யாரும் சொல்லமுடியாது. கருத்துச் சொன்னவர்களில் பாதிப்பேர் விட்டுவைக்கச் சொன்னார்கள், பாதிப்பேர் தூக்கு என்றார்கள். நீதிமன்றம் தூக்கு என்றது. இரண்டு வாரத்தில் காரியம் முடிந்துவிட்டது. தென்றலுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து வந்து குவிந்தது, ஏதோ பிரமோஷன் கிடைத்த மாதிரி. அவள் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, “இனிமேலாவது கோயில்ல ஐயர்கிட்ட அப்பா திதியைப் பத்திப் பேசலாம்மா” என்றாள். சாரதா தலையாட்டினாள். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மரியாமா வந்தாள். தென்றல் கடைக்குப் போயிருந்தாள். கயிறு வேண்டும் என்று கேட்டவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தால், காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்போல இருந்தாள்.

“உனக்கு மூச்சு வந்துச்சா?” என்று கேட்டாள் சாரதா.

“தெரியலை. காலையில எழுந்தா இப்ராஹிமா இன்னும் இல்லை. அது மட்டும் மாறலை.” பிறகு சொன்னாள். “சத்தியம் முடிஞ்சுபோச்சு. நான் பேசலாம். ஆனா கேக்க வீட்டுல யாரும் இல்லை. நீ கேக்கறியா?”

சாரதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மரியாமா அந்தச் சிறையைப் பற்றிப் பேசினாள். ஒரே அறையில் எத்தனை பேர், எப்படி முறைவைத்துத் தூங்குவார்கள் என்றெல்லாம் சொன்னாள். இப்ராஹிமா எதையும் தாங்கியிருக்கமாட்டார், பக்கத்தில் ஒரு இந்தியர் இல்லாவிட்டால். அந்த இந்தியர் தன் ரொட்டியில் பாதியை உடைத்து இப்ராஹிமாவுக்குக் கொடுப்பாராம். ஒரு நாள் ஜெனரலே தன் காரில் வந்து இறங்கினானாம். அரண்மனைக்கு அடியில் பாதாள அறை கட்டுகிறான், சிமெண்ட் கலவை தெரிந்த ஆள் வேண்டும். அந்த இந்தியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனானாம். அவர் திரும்பி வரவில்லை.

“தங்கமான மனுஷன்னு இப்ராஹிமா சாகிறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பார். மகளுக்குக் காத்தோட பேரு வச்சிருக்கேன்னு சொல்லிச் சிரிப்பாராம். மிஸ்டர் சுப்பையன்.”

சாரதா அவள் கையைப் பிடித்து, அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

சுப்பையன் அவளுடைய மாமனார். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் கேட்ட இடத்தில், நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோலச் சேனாபதியும் அப்பா பெயரைப் போட்டிருந்தார். அங்கே மரியாதைக்குக் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆலையில், சிறையில், ஜெனரல் வாயில், எல்லா இடத்திலும் அவர் மிஸ்டர் சுப்பையன். சேனாபதி என்று ஒருவர் அங்கே இருந்ததே இல்லை. அந்தக் கிழவன் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.

“சாரதா? என்ன ஆச்சு? அவரை உனக்குத் தெரியுமா?” என்று மரியாமா அவள் தோளை உலுக்கினாள்.

கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாரதா எழுந்து ஓடினாள். தென்றல் மளிகைப் பைகளோடு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

“கண்ணு, அந்தக் கோர்ட்டுக்கு போன் போடு. அப்பன் பேரைத் தப்பாச் சொல்லிப்போட்டோம். சுப்பையன்னு கேக்கோணும். அவனுக்குத் தெரியும், அவந்தான் கார்ல கூட்டிட்டுப் போயிருக்கறான். இன்னொருக்கா ஒரே ஒரு தடவை கேட்டுச் சொல்லச் சொல்லு. சீக்கிரம் போடு சாமி.”

தென்றல் பைகளைக் கீழே வைத்தாள். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“யார்கிட்டம்மா கேக்கச் சொல்றது?”