மழை எந்த மாதம் என்று கேட்டவர்

இன்று அட்டனிலிருந்து மஸ்கெலியா வரும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த புது ஆள் கேட்டார்: "உங்க பக்கம் பெரிய மழை எந்த மாசங்க?"

இலங்கைக் குடியுரிமையான பிரஜாவுரிமை கேட்டிருக்கும் எங்கள் தோட்டத்து ஆட்களை அதிகாரிகள் விசாரித்துக்கொண்டிருக்கும் நேரம் இது. இந்தியாவில், பாட்டன் ஊரில், ஐப்பசியில்தான் பெரிய மழை. வாய் தவறி அதைச் சொன்னால் என்னை இந்தியாக்காரி என்று எழுதிவிட மாட்டார்களா?

"வைகாசிங்க. நான் இங்க தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தன்னைக்கும் இதே மழைதானாம்," என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "பயப்படாதீங்கம்மா. நான் குடை யாவாரி. சரக்கு எறக்கத்தான் கேட்டேன்."

நானும் நம்பிவிட்டேன்.

நோர்வூட்டில் கொட்டும் மழையில் இறங்கினார். கையில் குடை இல்லை. தலையை நனையவிட்டு, ஒரு பைலை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார்.

உங்களிடமும் அந்த ஆள் வருவார். எல்லோரும் வைகாசி என்றே சொல்லிவையுங்கள்.