ரிஜெக்ட் குவியலையும் கிளறிய ஜெசிந்தா அக்கா

ஜெசிந்தா அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... இன்னும் மனசு நிலைக்கு வரவில்லை.

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் அங்கே மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைக் கவனிக்கிற வேலை.

பாஸ் ஆன பெட்டியைத் திறந்து பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். அக்கா ரிஜெக்ட் குவியலையும் கிளறுவார், நல்ல பீஸ் ஏதாவது தப்பாக உள்ளே போய்விட்டதா என்று. ஷிப்மென்ட் அவசரத்தில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

2000-களின் நடுவில் அக்காவும் நானும் சேர்த்து ஆறு பேர் ஒரு குழு ஆரம்பித்தோம். எந்த ஆதரவற்றோர் இல்லம், எந்த டிரஸ்ட் ஒழுங்காக நடக்கிறது என்று நேரில் பார்த்து மார்க் போட்டு வருடம் ஒரு லிஸ்ட். அதைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் அரிசியும் துணியும் கொடுப்பார்கள்.

வேலையை, பையர்கள் எங்கள் கம்பெனியைச் சோதிக்க வரும் ஆடிட் மாதிரியே செய்தோம். முதல் நாளே போன் செய்துவிட்டு, செக்லிஸ்ட்டோடு போய் நிற்பது. ஃபைல் இருக்கா, ரிஜிஸ்டர் இருக்கா, பாத்ரூமில் சோப்பு இருக்கா...

கம்பெனியில் ஆடிட் அன்றைக்கு மட்டும் எல்லார் முகத்திலும் மாஸ்க் மாட்டிவிடுகிற ஆட்கள் நாங்கள். அதையே இன்னொருவர் செய்தால் கண்டுபிடிக்கத் தெரியவில்லை!

பல்லடம் ரோட்டில் ஓர் இல்லத்துக்கு முதலிடம். வீரபாண்டியில், சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர்களின் நடக்க முடியாத பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாவுக்கு ஃபெயில். ரிஜிஸ்டரே இல்லை என்று மார்க் போட்டது நான்தான்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், இரண்டு இடத்துக்கும் பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

"மொத எடத்துல சோப்பு இன்னும் கவர் பிரிக்காமலே இருக்கு தம்பி. வீரபாண்டில அந்தம்மா ஒரு பிள்ளைய மடில வச்சிக்கிட்டு இன்னொன்னுக்கு ஊட்டுதா. எழுத அவளுக்கு எங்க நேரம்? நம்ம லிஸ்ட்டப் பாத்து அரிசி நின்னுபோச்சு. மத்தியானம் வெறுங்கஞ்சிதான்."

நான் விடவில்லை. "இத்தன கம்பெனி நம்ம லிஸ்ட்ட நம்புதுங்க அக்கா. தப்புன்னு சொன்னா நம்ம பேரு என்னங்க ஆகறது?"

"எத்தன பேரு நம்புதாங்கன்னு நான் கேக்கல. அந்தப் பிள்ளைக வயித்துக்கு நம்ம லிஸ்ட் என்ன செஞ்சிச்சு? அதச் சொல்லுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மேல் கோபமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த கூட்டத்தில் அக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை. நாங்கள் தப்பாக மார்க் போட்டுவிட்டோம் என்று எல்லாக் கம்பெனிக்கும் லெட்டர் போகும்வரை எந்த வேலையையும் தொட மாட்டேன் என்று நின்றுவிட்டார். கடைசியில் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டு கம்பெனிகள் சிரித்துவிட்டு உங்கள் லிஸ்ட்டே வேண்டாம் என்றன. வீரபாண்டிக்கு அந்த வாரமே அரிசி போனது.

அதற்குப் பிறகு எந்த வருடமும், லிஸ்ட் போனதும் ஃபெயில் ஆன இடங்களுக்கு நாங்கள் திரும்பப் போகாமல் விட்டதில்லை; தப்பு இருந்தால் லெட்டரும் போகும். நான் கம்பெனி வேலையை விட்ட பிறகும் கூட.

போன மாதம் அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பேசவே மூச்சு வாங்கியது.

"இந்த வருசம் எத்தன தப்பு?"

"ஒன்னுமே இல்லீங்க அக்கா" என்றேன், பெருமையாக.

"அப்ப நீங்க சரியாத் தேடல."

மறுபடி தேடினோம் அக்கா... மூன்று தப்பு இருந்தன. நேற்று சாயங்காலம் எல்லாக் கம்பெனிக்கும் லெட்டர் போய்விட்டது.

தூங்குங்கள்.