மரக்காணத்தில் மார்க் டைம்

பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போனது நானும் என் மகள் ரீட்டாவும். பள்ளிக்கூட வேனில் முன்னாலேயே போனவர்கள் என் பேத்தி ஜெனிபர், அவளோடு பேண்டு வாசிக்கும் இருபத்து மூன்று பெண்கள், அவர்களுடைய விளையாட்டு டீச்சர் ஸ்டெல்லா. மைதானத்தில் எனக்குத் துணையாகக் கிடைத்தவள் உப்பளத்தில் வேலை பார்க்கும் அஞ்சலை. யார் என்ன கலர் புடவை என்பது வரை ஞாபகம் இருக்கிறது. பெயர் மட்டும் போதும் என்கிறாள் ரீட்டா.

பிப்ரவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மரக்காணத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு பேண்டு போட்டி. முதலில் வரும் பள்ளி மட்டும் விழுப்புரம் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். ஜெனிபர் இப்போது ஒன்பதாவது. பத்தாவதுக்குப் போய்விட்டால் பரீட்சை என்று சொல்லி பேண்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவள் வயிற்றோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் பெரிய டிரம் விழுப்புரம் போக இதுதான் கடைசி வாய்ப்பு.

பேரப்பிள்ளையின் பேண்டைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சில வார்த்தைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கல்யாண ஊர்வலம் பார்த்த மாதிரி பார்த்துவிட்டு வருவீர்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனால் ஒரு தடவை சொன்னால் போதும். வெள்ளை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே ஜெனிபர் எல்லாம் சொன்னாள். முன்னால் நடக்கும் பெண்ணின் கையில் பூண் போட்ட நீளக் கோல் இருக்கும், அது மேஸ். அவள் வாயைத் திறப்பதில்லை, கோல்தான் பேசும். குச்சிகள் விடாமல் படபடவென்று விழுவது ரோல், பாட்டு வரப்போகிறது என்று அர்த்தம். முன்வரிசை திரும்பி, பின்வரிசைகளுக்கு நடுவே புகுந்து, வந்த வழியே போவது கவுண்டர் மார்ச். நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது மார்க் டைம். பெரிய டிரம் விழும்போது எல்லோருக்கும் இடது கால் தரையில் இருக்க வேண்டும். அதனால் இருபத்து மூன்று பேரின் கால் ஜெனிபர் கையில்தான் இருக்கிறது.

காலை 6.40க்கு பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். அனுமந்தையில் மீன் கூடைகள் ஏறியதில் பத்து நிமிடம் போனது. ஏறும்போதே கண்டக்டர், "ஆயா, வலப்பக்கம் குந்தாத, வெயிலு மூஞ்சிலயே அடிக்கும்" என்றார். நல்ல மனுஷன். 7.35க்கு இறங்கினோம். மைதானம் இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். மைதானத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்க உப்புப் பாத்திகள். எட்டு மணிக்கே கண் கூசியது.

வேலை முடிந்து வேலியோரமாக வந்து நின்ற அஞ்சலை, எங்களுக்கு முன்னால் இறங்கிய பள்ளியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா ஆயா, நின்ன எடத்துலயே நடக்குதுங்க? வழி தெரியலயா?"

"அதுக்குப் பேரு மார்க் டைம். ஒரே சீரா மிதிக்கணும், ஒரு அடி முன்ன போவக் கூடாது."

"அட, நாங்க பாத்தி மிதிக்கிற மாதிரி. போன வாரம் வரைக்கும் அதான் வேல. வரிசையா நின்னு மிதிப்போம். ஒருத்தி கால் தப்புனா தரை மேடு பள்ளமாப் பூடும்."

அதற்குப் பிறகு அவளுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

9.20க்கு எங்கள் பிள்ளைகள் இறங்கினார்கள். எட்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ரோல் சுத்தமாக விழுந்தது. கவுண்டர் மார்ச்சில் முன்வரிசை பின்வரிசைக்குள் புகுந்த நேரம், சிறப்பு விருந்தினரின் கார் வாசலுக்கு வந்தது. மேடையோரம் நின்றிருந்த விழாப் பொறுப்பாளர், வெள்ளைச் சட்டை, மைதானத்தை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையிலிருந்த துண்டை ஆட்டினார். சரவெடி கிளம்பியது. ஆயிரம் வாலா. அந்த வெடியில் டிரம் சத்தமே கேட்கவில்லை. கடைசி இரண்டு வரிசை ஆளுக்கொரு காலில் போனது.

"போச்சு ஆயா, பாத்தி போச்சு" என்று அஞ்சலை என் கையைப் பிடித்தாள்.

மேஸ் பிடித்த பெண் கோலைத் தலைக்கு மேல் குறுக்கே தூக்கினாள். மார்க் டைம். எல்லோரும் நின்ற இடத்தில் மிதித்தார்கள். ஜெனிபர் கொட்டுக்கட்டையைத் தோளுக்கு மேலே தூக்கித் தூக்கி அடித்தாள். காதுக்குக் கேட்காவிட்டாலும் கண்ணுக்குத் தெரியுமே. முதலில் நடு வரிசை சேர்ந்தது, பிறகு கடைசி வரிசை. வெடி ஓய்ந்தபோது இருபத்து நான்கு இடது காலும் ஒன்றாக இறங்கியது. கோல் கீழே வந்தது, நடந்தார்கள். வேலியோரம் நின்ற உப்பளப் பெண்கள் கை தட்டினார்கள்.

ஆனால் எட்டு நிமிடம் பதினெட்டு விநாடி ஆகிவிட்டது. நேரம் தாண்டியதற்கு மூன்று மார்க் குறைத்தார்கள். ஒரே ஒரு மார்க் வித்தியாசத்தில் இரண்டாம் இடம்.

ஸ்டெல்லா டீச்சர் நடுவர்களிடம் போனார். வெடி வைக்கச் சொன்னது விழாக் குழுதான் என்று பொறுப்பாளர் வந்து சொன்னால் அந்த விநாடிகளைக் கழித்துவிடலாம் என்றார்கள். டீச்சரோடு நானும் அவரிடம் போனேன்.

"தலைவர் வந்தாரும்மா, வெடி வெச்சோம். இதப் போயி நான் எதுக்கு சொல்லணும்? புள்ளைங்க டம்மு டம்முனு தட்டுறதுல ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆனா இன்னா?"

"தட்டுறதா? அதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு இருக்குதுங்க. சொல்லட்டா?"

சொன்னேன், ஒன்று விடாமல். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரீட்டா என் முந்தானையை இழுத்தாள்.

ஜெனிபர் அழுவாள் என்று பயந்தேன். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடி சிரித்தாள். "ஆயா, சத்தத்துல எனக்கே என் டிரம் கேக்கல. பின்னாடி இருந்தவளுங்க என் கையப் பாத்தே சேர்ந்துட்டாளுங்க. பாத்தியா?" பார்த்தேன் என்றேன். இரண்டாம் பரிசுக் கோப்பையில் பெப்சி ஊற்றி இருபத்து நான்கு பேரும் குடித்தார்கள். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்குமேல் உப்பளத்து வெயில் தரையிலிருந்தும் அடிக்கும், குடையோடு கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். தண்ணீர் இரண்டு பாட்டில். மைதானத்தில் நிழல் கிடையாது, வேலியோரம் மூன்று வேப்பமரம் உண்டு, எட்டு மணிக்குள் இடம் பிடியுங்கள். திரும்ப பாண்டி பஸ் அரை மணிக்கு ஒன்று வரும். பிள்ளையை முந்தின நாளே உட்காரவைத்து வார்த்தைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் சந்தோஷம்.

வெடி கொளுத்தியவர் தானாக வந்து வருத்தம் சொன்னார், சொன்ன வேலையைச் செய்தவர், விட்டுவிட்டேன். நடுவர்கள் கடிகாரம் காட்டியதை எழுதினார்கள், அவர்களையும் விட்டுவிட்டேன். பத்தடி நடந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பேத்தி விழுப்புரம் போயிருப்பாள். அந்தப் பத்தடியை நடக்காத வெள்ளைச் சட்டைக்காரர், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஆரோக்கியசாமி, அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.