நாலு பக்கெட் சோறு

முனிகிருஷ்ணன் தன் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் லட்டு அப்படியே கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. எழுந்து போகிற ஆளை நிறுத்தி, துன்ன முடியாதவன் இலையில் வாங்கியே இருக்கக்கூடாது என்று சொல்லிவிடுவார். அதனாலேயே அவரோடு ஒரே பந்தியில் உட்காரச் சொந்தக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆந்திராவில் வடமாலபேட்டைக்கு வெளியே திருப்பதி ரோட்டை ஒட்டி மூன்று ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், சொல்பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனைவி தாட்சாயணி. இத்தனை கணக்கான மனுஷன் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அளவை மறந்துவிடுவார். அது புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை.

அன்றைக்கு ரோடு முழுக்க மஞ்சள் வேட்டி. சென்னைப் பக்கத்திலிருந்து கோவிந்தா போட்டுக்கொண்டு நடந்து வரும் ஜனங்களுக்கு அவருடைய நைனா ஒரு காலத்தில் வீட்டு வாசலில் பத்துப் பேருக்குச் சோறு போட்டார். மகன் முனிகிருஷ்ணன் அதைப் பந்தலாக்கி, பந்தலில் நைனா படம் போட்ட பேனர் கட்டி, ஒரு மூட்டை அரிசி வடிக்க ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் சிமெண்ட் கடை ஏகாம்பரம் பொங்கல் போட ஆரம்பித்த வருஷம் ஒன்று இரண்டானது. போன வருஷம் ஏகாம்பரம் வடையும் சேர்க்கப்போகிறார் என்று காதில் விழுந்ததும் இரண்டு மூன்றாகிவிட்டது. பக்தியில் போட்டி கூடாது என்று அவரே பலருக்குச் சொல்லியிருக்கிறார்.

பந்தலுக்குப் பின்னால் சுந்தராம்பாள் வீடு. புருஷன் இல்லை, ஒரு மாடு, அது போட்ட கிடாரிக் கன்று. காலையும் மாலையும் பால் சென்டருக்கு ஊற்றுவதில்தான் வீடு ஓடியது. அவளும் அந்தச் சனிக்கிழமை சும்மா இருக்கமாட்டாள். பெரிய குண்டானில் வெந்நீர் போட்டு உப்புக் கரைத்து, கொப்புளம் வந்த காலோடு வருகிறவர்களை உட்காரவைத்துக் காலை நனைக்கச் சொல்வாள். போன வருஷம் முதல் நாளே முனிகிருஷ்ணனிடம் அவள் சொன்னாள், புத்தூரிலிருந்து இங்கே வருவதற்குள் இருபது பந்தல் இருக்கிறது, வயிறு நிறைந்துதான் வருகிறார்கள், இந்த வருஷம் சோற்றைக் குறைத்து வெந்நீருக்கு விறகு கொடுங்கள் என்று. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். வெந்நீருக்கு யார் பேனர் கட்டுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அதை இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. கையில் திணித்த பொட்டலத்தைச் சாமி பிரசாதம் என்று மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டு நடந்தார்கள், நூறடி தள்ளிப் புளியமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று மணிக்கு ஜனம் குறைந்துவிட்டது. தயிர் கலக்காத வெறும் சோறு ஒரு அண்டாவில் பாதிக்கு மேல் நின்றது. குப்பையில் கொட்ட அவரால் முடியுமா? வாயில்லா ஜீவனாவது துன்னட்டும், புண்ணியம் என்று நாலு பக்கெட் நிறைய எடுத்துப் போய்ச் சுந்தராம்பாள் மாட்டின் தொட்டியில் கொட்டினார். அவள் வாசலில் யாருக்கோ வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தாட்சாயணி மட்டும், அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே என்றாள். சோறு போட எதற்குக் கேட்கவேண்டும் என்றார் இவர். மாடு ஆசையாகத் தின்றது. தொட்டியை நக்கித் துடைத்ததைப் பார்த்து, ஒரு பருக்கைகூட வீணாகவில்லை என்று அவருக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் காலையில் மாடு எழவில்லை. வயிறு உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. கால்நடை டாக்டர் ரமணா வந்து, நேற்று என்ன தீவனம் போட்டீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். எப்போதும் போடுகிற புல்லும் ஒரு பிடி தவிடும்தான் என்றாள் சுந்தராம்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் முனிகிருஷ்ணன். வேறு ஏதாவது, சோறு கீறு என்று டாக்டர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஏகாம்பரமும் அங்கே நின்றிருந்தார். அண்டா நிறைய மிஞ்சியது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று முனிகிருஷ்ணனுக்கு ஒரு கூச்சம் வந்துவிட்டது. அவர் மாட்டின் காதைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார். டாக்டர் வாயு மருந்து கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

பதினோரு மணிக்கு மாடு தலையைத் தரையில் போட்டுவிட்டது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. தானே போன் போட்டு, நாலு பக்கெட் சோறு போட்டேன் சார் என்று சொன்னார். டாக்டர் திரும்பி ஓடிவந்தார். சோடா மாவு கரைத்து ஊற்றினார், ஊசி போட்டார். அவ்வளவு சோறு வயிற்றுக்குள் புளித்து விஷமாகிவிடும், காலையிலேயே சொல்லியிருந்தால் ஒரு கை பார்த்திருக்கலாம் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு மணிக்கு மாடு செத்தது.

சுந்தராம்பாள் அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் அவள் முன்னால் நின்றார். சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னார், உளறினார், வேறு மாடு பிடித்துத் தருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"போடறதுக்கு முன்னாடி கேக்கல, சரி. டாக்டரு கேட்டப்போ வாயை மூடிக்கினு நின்னீங்களேண்ணா."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. ஊரிலும் ஒன்றிரண்டு வாரம் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். முனிகிருஷ்ணனால்தான் விட முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மாடு தொட்டியை நக்குகிற சத்தம் கேட்கிறது. தன் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டதெல்லாம் என்ன சிக்கனம், அடுத்தவர் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டிய பிறகு என்று தாட்சாயணியிடம் ஒருநாள் கேட்டார்.

இந்தப் புரட்டாசியில் பேனர் இல்லை. சுந்தராம்பாள் வீட்டு வாசலில் இரண்டு குண்டான் வெந்நீர் கொதித்தது. விறகு அவருடையது. நடந்து வருகிற ஒவ்வொருவரிடமும், என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டு நின்றார். கால் காட்டினவர்களுக்கு வெந்நீர், பசி என்றவர்களுக்கு மட்டும் சோறு. படி அரிசிதான் வடித்திருந்தாள் தாட்சாயணி, மாலையில் சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

கன்று இப்போது வளர்ந்துவிட்டது. அதற்குத் தினமும் அவர் தன் நிலத்துப் புல் ஒரு கட்டு கொண்டுவரச் சுந்தராம்பாள் ஒப்புக்கொண்டிருக்கிறாள், அவருக்கு அது ஒன்றுதான் ஆறுதல். ஒருநாள் கட்டை இறக்கியதும் கயிற்றை அவிழ்த்துத் தானே கன்றுக்கு ஒரு பிடி நீட்டப்போனார்.

"இருங்கண்ணா, பாத்துட்டு நானே போடறேன்" என்றாள்.

கோபம் எதுவும் இல்லை அந்தக் குரலில். தரையில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, புல்லைப் பிடி பிடியாக விலக்கி, அடிவரைக்கும் கையால் துழாவிப் பார்த்தாள். பிறகுதான் கன்றின் முன்னால் போட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவள் பார்த்து முடிக்கிறவரைக்கும் முனிகிருஷ்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.